பூச்சி தின்ற தண்டவாளம்

ஓரின்குல் அக்காவின் மகன் அய்தோஸுக்குப் போன் போட்டவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி உங்கள் காதுக்கு வந்தால், ‘பார், இந்த ஆள் எப்படி மறைத்திருக்கிறான்’ என்பீர்கள். நான் மறைக்கவில்லை. திட்டத் தோன்றினால் இங்கேயே திட்டிவிட்டு மேலே படியுங்கள்.

ஓரின்குல் அக்கா எங்கள் சாரிதோபே ஜங்ஷனில் முப்பத்து நான்கு வருஷம் செக்‌ஷன் கன்ட்ரோலராக இருந்தவர். நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் லைன், பதினோரு ஸ்டேஷன். எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும், எது எதற்கு வழிவிட வேண்டும் என்று சொல்வது அவர். அந்தப் பதினொன்றில் ஒன்றுக்கு நான் ஸ்டேஷன் மாஸ்டர். ஸ்டேஷன் என்பது சும்மா பெயருக்குத்தான். வண்டி ஒதுங்கி நிற்க இரண்டு லூப் லைன், ஒரு தண்ணீர்த் தொட்டி, குளிர்காலத்தில் முட்டியளவு பனி, கோடையில் கண்ணெல்லாம் மண். பத்தொன்பது வருஷம் அவருடைய குரலைத்தான் கேட்டேன். முகத்தைப் பார்த்தது வருஷத்துக்கு ஒரு தடவை இருந்தால் அதிகம்.

கன்ட்ரோல் போனில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. உத்தரவு வந்தால் ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட முடியாது. கேட்டதை வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு கன்ட்ரோலர் ‘சரி, செய்’ என்று சொன்ன பிறகுதான் அது உத்தரவு. அதுவரைக்கும் வெறும் பேச்சு. ஒரு வார்த்தை பிசகினாலும் அக்கா விடமாட்டார். மற்ற பத்து ஸ்டேஷனும் அதே லைனில் கேட்டுக்கொண்டிருக்க, மறுபடி மறுபடி சொல்ல வைப்பார். மானம் கப்பலேறும். ஆனால் அவர் காலத்தில் எங்கள் செக்‌ஷனில் ஒரு விபத்துகூட நடக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஓய்வு பெற்ற அன்று அக்காவுக்கு வெல்வெட் மேலங்கி போர்த்தி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். நொடி பிசகாமல் வண்டி ஓட்டியவருக்குக் கடிகாரம்! அதுவும் நாளுக்கு நாலு நிமிஷம் பின்னால் போகிற கடிகாரம். அடுத்த வருஷம் நானும் வேலையிலிருந்து இறங்கினேன். ரயில்வே குடியிருப்பில் மூன்றாவது மாடி அவருக்கு, அதற்கு நேர் கீழே எனக்கு. அக்காவின் வீட்டுக்காரர் காலமாகி வெகு நாளாகிவிட்டது. ஒரே மகன் அய்தோஸ் தலைநகர் அஸ்தானாவில் ஏதோ அலுவலகத்தில் இருக்கிறான்.

போன வருஷம் இலையுதிர் காலத்தில்தான் அது ஆரம்பித்தது. காலை எட்டு மணி அடித்தால் போதும், என் கூரைக்கு மேலே அந்தக் குரல் கேட்கும்.

"இருநூத்திப் பதினாறு, மூணாம் லைன்ல நில்லு. இரும்பு வண்டிய முதல்ல விடு. திருப்பிச் சொல்லு."

பிறகு ஓர் அமைதி. ஒருவர் திருப்பிச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ, சரியாக அவ்வளவு நேரம். பிறகு, "சரி, செய்."

யாரிடம் சொல்கிறார்? அந்த வீட்டில் அவரைத் தவிர ஒரு குருவி கிடையாது. நான் தேநீர்க் கிண்ணத்தோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்த அமைதி வந்ததும் என் வாய் தானாகவே, ‘இருநூத்திப் பதினாறு, மூணாம் லைன்’ என்று முணுமுணுக்கும். பத்தொன்பது வருஷப் பழக்கம், எங்கே போகும்?

எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. கோய்ஷிபாய் என்று, வண்டிகளுக்குத் தடம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் ஒருவர் இருந்தார். வேலையிலிருந்து இறங்கிய மறு வருஷம் பச்சைக் கொடியோடு பஸ் நிறுத்தத்தில் போய் நிற்க ஆரம்பித்தார். அவர் கொடியைக் காட்டினால் பஸ்காரர்கள் ஹாரன் அடித்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். நாங்களும் சிரித்தோம். ஒரு ஜனவரியில் அவர் தண்டவாளத்தோடு நடந்தே போய்விட்டார். மறுநாள் பனியிலிருந்துதான் எடுத்தோம். அதற்கப்புறம் ஓய்வு பெற்ற ரயில்காரன் எவனாவது தனியாகப் பேசினால் எங்களுக்கு அந்தப் பச்சைக் கொடிதான் ஞாபகம் வரும்.

அக்காவுக்கும் அதுதான் என்று நினைத்தேன். வெளியூர்க்காரனாக இருந்தால், யாரோ போனில் பேசுகிறார்கள் என்று விட்டிருப்பான். ரயில்வே குடியிருப்பில் இருப்பவனுக்குத்தான் இந்தத் தப்பு வரும். ஆனாலும் ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மேலேயிருந்து அலறல் கேட்டது.

"எல்லா வண்டியையும் நிறுத்து! வடக்குல பூச்சி தண்டவாளத்தத் தின்னுடுச்சு! மறுபடி சொல்றேன், பூச்சி தண்டவாளத்தத் தின்னுடுச்சு!"

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். உடனே அய்தோஸுக்குப் போன் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமையே வந்துவிட்டான். பயந்து போயிருந்தான், பாவம். கூடவே அவனுடைய பெரியப்பா ஜக்சிலிக், அதாவது அக்காவின் மூத்தார். ஒரு காலத்தில் பண்ணை மேலாளர். இப்போது எழுபத்திரண்டு வயதில் விருந்து விருந்தாகப் போய் நடுநாயகமாக உட்கார்ந்து ஆசி வழங்குவதுதான் வேலை. மூத்தவருக்கு மரியாதையாக வைக்கும் ஆட்டுத் தலையைத் தன் முன்னால் வைக்காத விருந்தை அவர் விருந்தென்றே ஒப்புக்கொள்ள மாட்டார். மூன்றாவதாக, அவர்களுக்குத் தெரிந்த ஒரு டாக்டரம்மா. அய்தோஸின் பையில் ஒரு மனு தயாராக இருந்தது. ஓரின்குல் பெகெனோவா தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் புத்தித் தெளிவை இழந்துவிட்டார். வீட்டையும் அவரையும் இனி மகன் பொறுப்பில் விட வேண்டும். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால் மனு கோர்ட்டுக்குப் போகும். அக்கா அஸ்தானாவுக்குப் போவார்.

"நீதானே கேட்ட? நீயே வந்து சொல்லு" என்று மூத்தார் என்னையும் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

கதவைத் திறந்த அக்கா, காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார்.

"அட, கூட்டமா வந்திருக்கீங்க! உள்ள வாங்க. நான் ஷிப்டுல இருக்கேன், ராத்திரி எட்டு மணிக்குத்தான் இறங்குவேன். அடுப்புல கறி கொதிக்குது, எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்க."

‘ஷிப்டு’ என்ற வார்த்தையைக் கேட்டதும் அய்தோஸின் முகம் வெளுத்துவிட்டது. மூத்தார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். டாக்டரம்மா குழந்தையிடம் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

"அம்மா, இன்னிக்கு என்ன தேதி, சொல்லுங்க பாப்போம்?"

"கையில வாட்ச்சு, பையில போனு. இதுக்கு என்னைக் கேக்குறீங்களா? பதினாலு, சனிக்கிழமை."

"நூறுலேருந்து ஏழு ஏழா கழிச்சுட்டே வாங்க."

அக்கா மூச்சு விடாமல் தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று கடகடவென்று இறங்கி இரண்டில் வந்து நின்றார். "மிச்சம் ரெண்டு. இப்ப நீங்க பதிமூணு பதிமூணா கழிங்க."

டாக்டரம்மா எண்பத்தேழு என்றார், எழுபத்து நான்கு என்றார், அதற்கப்புறம் விட்டத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"சரிம்மா, அது இருக்கட்டும். தண்டவாளத்தப் பூச்சி தின்னுடுச்சுன்னு சொன்னீங்களாமே?"

"ஆமா, தின்னுச்சு."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை. வடக்குப் பக்கம். பச்சைப் பூச்சி, ஒண்ணொண்ணும் மாடு கணக்கா இருக்கும். இப்ப சுவர் எழுப்பி அடைச்சாச்சு, கவலை இல்ல."

மூத்தார் "அல்லாவே" என்று முகத்தைத் தடவிக்கொண்டார். அய்தோஸுக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரம்மா வேகவேகமாக எழுத ஆரம்பித்தார். அப்போதுதான் அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை.

"அது என்ன காகிதம், அய்தோஸ்?"

பையிலிருந்து எடுத்து வைத்திருந்த மனுவை அவன் முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அக்கா அதைக் கையிலிருந்து வாங்கி நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தார். படித்துவிட்டு மகனைப் பார்க்கவில்லை, மூத்தாரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீயா, தோலெகென்?"

"ஆமாக்கா."

 விறுவிறுவென்று உள் அறைக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். மேஜைமேல், அய்தோஸ் புதிது வாங்கியபோது போட்டோ பார்க்கட்டும் என்று அம்மாவுக்குத் தள்ளிவிட்ட பழைய கம்ப்யூட்டர். திரை முழுக்க ரயில்! நூற்றுக்கணக்கில் ரயில், சிக்னல், பாலம், புகைபோக்கி. அக்கா சத்தத்தை ஹெட்போனிலிருந்து ஸ்பீக்கருக்கு மாற்றினார். அறை முழுக்கக் குரல்கள்.

"கன்ட்ரோல், கன்ட்ரோல், பாவ்லோவிச் பேசறேன். நாலாம் லைன்ல நிலக்கரி வண்டியோட நிக்கிறேன். நிக்கச் சொன்னீங்க, நிக்கிறேன். கன்ட்ரோல், எங்க போனீங்க? மாரடைப்பா?"

"வாயக் கழுவுங்க பாவ்லோவிச்! உங்களுக்கு முன்னாடி அவங்க போக மாட்டாங்க." இது ஒரு பெண் குரல்.

அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். "பாவ்லோவிச், பெத்ரோபாவ்ல் ஊர்ல கொதிகலன் இன்ஜினியரா இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பொண்ணு புருலாய், ஓஷ் ஊர்ல நூல் மில் மெக்கானிக், அவளும் ஓய்வு. இது ஒரு விளையாட்டு. யாருமே இல்லாத ஒரு கிரகத்துல போய் விழுந்துடறோம். கையில ஒரு சுத்தியல். இரும்பத் தோண்டி, உருக்கி, பல்சக்கரம் செஞ்சு, இன்ஜின் செஞ்சு, தொழிற்சாலை கட்டி, கடைசியில ராக்கெட் விடணும். அந்த ஊருப் பூச்சிக்கு நம்ம புகை ஆகாது, வந்து கடிக்கும். முத நாள் இதுல ரயில் சிக்னலப் பாத்தேன். எவனோ ஸ்டேஷன் பக்கமே போகாதவன் எழுதுனதுன்னு கோவம் வந்துச்சு. சரி, நாமளே ஒழுங்காப் போட்டு ஓட்டுவோம்னு உக்காந்தேன். இப்ப முந்நூத்தி நாப்பது வண்டி ஓடுது. போதுமா? எழுதிக்கிட்டீங்களா டாக்டர்?"

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நான் மேலே கேட்ட அமைதி அமைதியே இல்லை. பதில் எல்லாம் அவர் காதுக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது.

விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மூத்தார் முகம் சிவக்க எழுந்து நின்றார்.

"விளையாட்டா? அறுபத்து மூணு வயசுல விளையாட்டா? இதுக்குப் பைத்தியமே தேவலாம்! பைத்தியம்னா நாலு பேரு இரக்கப்படுவான். இத வெளிய சொன்னா நம்ம குடும்பத்தப் பாத்துக் காறித் துப்புவான். உன் வயசுப் பொம்பளைங்க விருந்துக்குப் போறாங்க, வர்றவங்களுக்குத் தேநீர் ஊத்தி மரியாதையா உக்காந்திருக்காங்க. நீ என்னடான்னா பூச்சி அடிக்கிற!"

"ஆமா, அடிக்கிறேன். நல்லாவே அடிக்கிறேன்."

"வாயப் பாரு!"

"மாமா, முப்பத்து நாலு வருஷம்." அக்காவின் குரல் உயரவில்லை. கன்ட்ரோல் போனில் பேசுகிற அதே குரல்தான். "அதுல ஒரு நாள், ஒரே ஒரு நாள், தப்பு பண்ற உரிமை எனக்கு இருந்துச்சா? ஒரு நம்பர மாத்திச் சொன்னா ரெண்டு வண்டி மோதும், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து மாவு பிசைஞ்சாலும் மனசு லைன்லதான் இருக்கும், சரியாத்தான் சொன்னோமான்னு. என் வீட்டுக்காரர் சாகக் கிடந்தப்பவும் அப்படித்தான். இங்க போன வாரம் நாலு வண்டிய மோத விட்டுட்டேன். முழுக்க என் தப்பு. ஒரு ஈ, எறும்பு சாகல. பாவ்லோவிச் விழுந்து விழுந்து சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். மறுபடி லைன் போட்டோம். எனக்குத் தெரிஞ்ச வேலைய நான் இப்பத்தான் பயமில்லாம செய்யறேன், மாமா. எனக்கு இது சந்தோஷமா இருக்கு. அத விட்டுட்டு உங்க பக்கத்துல உக்காந்து ஆட்டுக் காத மெல்லணுமா?"

 ஸ்பீக்கருக்கு அந்தப் பக்கம் பாவ்லோவிச்சும் புருலாயும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூத்தார் அசரவில்லை. "டாக்டர், இப்படி விளையாட்டுல விழுந்து கிடக்கிறதும் ஒரு நோய்தானே? மனுவக் குடுத்துடலாம். டேய் அய்தோஸ், நீ ஆம்பளைதானே? அம்மாவக் கிளம்பச் சொல்லு."

அய்தோஸ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அம்மா... தனியா எதுக்கு இருக்கீங்க? நாளைக்கு நிஜமாவே ஏதாவது ஆச்சுன்னா? பெரியப்பா சொல்ற மாதிரி மனு இருக்கட்டும். வீட்டப் பூட்டிட்டு என்கூட வந்துடுங்க. இந்தக் கம்ப்யூட்டர் வேணாம்."

"இது பேச்சா, உத்தரவா?"

"உத்தரவுதான்!" என்றார் மூத்தார்.

"உங்களக் கேக்கல. அவனக் கேக்கறேன்."

உத்தரவுதான் என்பதுபோல அய்தோஸ் தலையை மட்டும் ஆட்டினான்.

அக்கா நிமிர்ந்து நின்றார்.  பத்தொன்பது வருஷத்தில் அவர் உத்தரவு கொடுத்துத்தான் கேட்டிருக்கிறேன். வாங்கித் திருப்பிச் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

"பதினாலு மணி நாப்பது நிமிஷம். ஓரின்குல் பெகெனோவாவுக்கு உத்தரவு. புத்தி தெளிவா இருக்குன்னு தெரிஞ்சும் புத்தி இல்லன்னு கோர்ட்டுல எழுதிக் குடுக்கணும். வீட்டுச் சாவிய மகன்கிட்ட ஒப்படைக்கணும். மெஷினை அணைக்கணும். அஸ்தானாவுல பதினோராவது மாடியில உக்காந்து, சாகற வரைக்கும் ஜன்னல் வழியா கார் எண்ணணும். நான் புரிஞ்சுக்கிட்டது இது. சரியா?"

அய்தோஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த பிள்ளை. ஏழு வயதில் கடைக்குப் போகும்போதுகூட வாசலில் நின்று, ‘ரெண்டு ரொட்டி, ஒரு பாக்கெட் உப்பு, நேரா வீடு’ என்று ஒப்பித்துவிட்டுத்தான் ஓடுவான். திருப்பிச் சொன்னதை ‘சரி’ என்று சொல்லிவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். 

"சரின்னு சொல்லித் தொலையேன்டா!" என்று மூத்தார் கத்தினார்.

ஸ்பீக்கரிலிருந்து புருலாய் கனைத்துக்கொண்டு சொன்னாள்: "கன்ட்ரோல், மன்னிக்கணும், எல்லாம் காதுல விழுந்துச்சு. உத்தரவு குடுத்தவர்கிட்டேருந்து பதில் வரல. குறிச்சு வெச்சுக்கறேன்."

அய்தோஸ் நிமிர்ந்தான். கன்னமெல்லாம் ஈரம். "தப்பும்மா" என்றான். "தப்பு. உத்தரவு ரத்து."

அக்கா கையிலிருந்த மனுவை நாலாக மடித்தார். சமையலறைக்குப் போய், கொதித்துக்கொண்டிருந்த பானையின் பிடியை அந்தக் காகிதத்தால் பிடித்து இறக்கி வைத்தார்.

"நாலாம் லைன் நிலக்கரி வண்டி கிளம்பலாம், பாவ்லோவிச்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அய்தோஸ், தட்டெடு."

மூத்தார் சாப்பிடாமல் போய்விட்டார். அவர் ஒரு விருந்தைச் சாப்பிடாமல் விட்டதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டாக்டரம்மா நன்றாகச் சாப்பிட்டார். போகும்போது, அந்தப் பூச்சியை எப்படி அடிப்பது என்றுகூடக் கேட்டுக்கொண்டு போனார்.

நான் ஒரு வாய் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன், இருப்புக் கொள்ளவில்லை. பயத்தில்தான் போன் போட்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது பொய் இல்லை. ஆனால் முழுசும் அது இல்லை. அந்தக் குரல் கடைசியில் ஒடிந்துவிட்டது என்று நினைத்தபோது என் மனசின் ஒரு மூலையில் ஒரு குளிர்ச்சி. பத்தொன்பது வருஷம் எல்லோர் காதிலும் விழ என்னைத் திருத்திய குரல் அல்லவா? அய்தோஸிடம், ‘அம்மா கதவைக்கூடப் பூட்டறதில்ல, அடுப்ப அணைக்கறதில்ல’ என்றும் சேர்த்துச் சொன்னேன். அதையெல்லாம் நான் பார்க்கவே இல்லை. அவன் மனு எழுதியதே அதைக் கேட்டுத்தான். இதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

ஐந்து மணிக்கு மனசைத் திடப்படுத்திக்கொண்டு மேலே போனேன். கதவைத் தட்டினேன். அக்கா பாதிக் கதவைத் திறந்தார். ஹெட்போன் காதில்தான் இருந்தது.

"மன்னிச்சிடுங்க அக்கா."

"உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் எத்தனை படி?"

"பதினெட்டு."

"அஸ்தானா எத்தனை கிலோமீட்டர்?"

"அறுநூத்தி நாப்பது."

"அவ்வளவு தூரத்துக்குப் பேசியிருக்க. பதினெட்டுப் படி ஏறி, ‘என்னக்கா செய்யறீங்க’ன்னு ஒரு வார்த்தை கேக்கலயே நீ."

 அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஒருவர் திருப்பிச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம்கூட இல்லை.

"எனக்கு வண்டி நிக்குது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.